கரண்டுச் சோறு

எங்கள் குடியிருப்புத் தாமானுக்கு முதல் மின்சாரக் கார் வந்துவிட்டது. மூலை வீட்டுப் பையன் வாங்கியிருக்கிறான். அது வந்த நாளிலிருந்து, காலை நடையை முடித்துவிட்டு ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்க உட்காரும் என் வயதுக்காரர்களுக்கு வேறு பேச்சே இல்லை. "ஈப்போ போயி சேர்றதுக்குள்ள பேட்டரி தீந்துச்சுன்னா தள்ளிக்கிட்டுத்தான் போவணும்லா" என்கிறார் ஒருவர். "மழைத் தண்ணியில எறக்குனா ஷாக் அடிக்குமாம்" என்கிறார் இன்னொருவர். இவர் கார் ஓட்டுவதை நிறுத்தியே பல வருடமாகிறது. பையன் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், வீட்டுச் சுவரிலிருந்து ஒயரை இழுத்துக் காரில் மாட்டிவிட்டு உள்ளே போகிறான்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். மற்ற நாட்களில் நானும் உங்களோடு சேர்ந்து சிரிப்பவள்தான். இந்த விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வர மாட்டேன் என்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் ஒவ்வொருவர் வீட்டிலும், ஊருக்கு முன்னால் ஒரு பொருளை வாங்கி ஊர் முழுக்க ஏச்சும் வாங்கியவர் ஒருத்தராவது இருந்திருப்பார். எங்கள் வீட்டில் அது சித்தி. அந்தக் கதையைச் சொல்கிறேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடியாது, இன்னொன்று சொல்லி வையுங்கள்.

எங்கள் தோட்டம் ஈஜோக்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருந்தது. பாதி ரப்பர், பாதி செம்பனை. மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். அம்மா பால்மரம் வெட்டினாள். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தோட்டத்து லோரி ஓட்டினார். எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

லயத்தில் கரண்டு இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. நாள் முழுக்க இருந்தது என்று சொன்னால்தான் பொய். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் எஞ்சின் இருந்தது. விடிவதற்கு முன் ஆட்கள் எழுந்து கிளம்புவதற்காக ஒருமுறை ஓடும், வெளுத்ததும் நின்றுவிடும். அந்தியில் மறுபடி ஓடும், படுக்கிற நேரத்துக்கு நின்றுவிடும். வீட்டுக்கு இரண்டு குண்டு பல்பு, ரேடியோவுக்கு ஒரு பிளக்கு. எஞ்சினை ஓட்டியவரை எஞ்சின்காரர் என்போம். அவர் பக்கத்தில் வந்தாலே டீசல் வாசம் அடிக்கும். எங்களுக்கு அது பெரிய மனிதர்களின் வாசம். கொட்டகை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அவர் அதை அடித்தால் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பொருள். பெரட்டு என்றால், வேலைக்குப் போகுமுன் எல்லோரும் ஆபீஸ் முன்னால் கூடி நிற்க, பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. உங்களுக்குத் தெரியும், பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்ல உதவுமே என்று சொல்லி வைக்கிறேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்த வருடக் கடைசியில், மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், சித்தி கல்யாணமாகி வந்தாள். ரவாங்கில் வளர்ந்தவள், அங்கேயே ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்று பெண் பார்க்கப் போன அன்றே சொல்லிவிட்டாளாம். சித்தப்பாவுக்கு அதுவே பெருமை. பேக்டரி வேன் எங்கள் சாலை முக்கு வரைக்கும் வரும். ஆனால் இருட்டோடு வந்து இருட்டோடு போய்விடும்.

பேக்டரித் தோழிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த கல்யாணப் பரிசு ஒரு அட்டைப்பெட்டியில் வந்தது. சித்தப்பா பெட்டியை லோரியின் முன்சீட்டில் பத்திரமாக வைத்து, மிச்ச இடத்தில் சித்தியை உட்காரவைத்துக் கூட்டிவந்தார். உள்ளே ஒரு ரைஸ் குக்கர். வெள்ளை உடம்பு, வயிற்றில் ஆரஞ்சுப் பூக்கள், கண்ணாடி மூடி, கீழே ஒரே ஒரு சுவிட்சு, அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்த முதல் குக்கர் அது. ரைஸ் குக்கர் என்ற பேர் லயத்தில் யார் வாயிலும் தங்கவில்லை. கரண்டுச் சட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். அதில் ஆக்கியது கரண்டுச் சோறு.

அப்பா கெட்டவர் இல்லை. நியாயம் பேசுகிறவர். லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவில் கோழிச் சண்டை வந்தால்கூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். சித்தி வந்த மறுநாளே சித்தப்பாவை உட்காரவைத்துச் சொன்னார்.

"ஒம் பொண்டாட்டி வேலைக்குப் போறத நான் வேணாங்கல. இத்தன நாளா ஒங்கண்ணிதான் ஒருத்தியா ஆக்கிப் போட்டா. இனிமே காலைச் சோறு சின்னவ பொறுப்பு. ஆக்கி வச்சிட்டு எங்க வேணாலும் போவட்டும்."

கேட்டவர்கள் எல்லோரும் நியாயம்தான் என்றார்கள். அந்த நியாயத்தில் ஒரே ஒரு குறை இருந்தது. அதைச் சொன்னவர் தன் வாழ்நாளில் ஒருநாளும் அடுப்புப் பற்றவைத்ததில்லை. மழைக்காலத்து ஈர ரப்பர் விறகை ஊதி ஊதிப் பற்றவைத்து, உலை கொதித்து, அரிசி வெந்து, கஞ்சியை வடித்து இறக்குவதற்குள் பேக்டரி வேன் ரவாங் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த வருடம் சித்திக்கு வேன் தவறவே கூடாது. "புது வருஷத்துல என்னைய லைன் லீடர் ஆக்குறேன்னு சொல்லியிருக்காங்கக்கா. ஒருநாளும் லேட்டாவக் கூடாதாம்" என்று அவள் அம்மாவிடம் சொன்னதைப் பாயில் படுத்துக்கொண்டே கேட்டேன். "இந்தச் சட்டி இருக்கறதாலதான் மாமா சொன்னதுக்குச் சரின்னேன். இது இல்லன்னா வேலைய விட்டுட்டு வூட்டுலதான் உக்காரணும்." அம்மா சட்டியை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

முதல் சமையலைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தியில் லயமே வந்தது. ரேடியோவைப் பிடுங்கிவிட்டுச் சட்டியை மாட்டினாள் சித்தி. சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. தீ இல்லை, புகை இல்லை, யாரும் குனிந்து ஊதவில்லை. அதுதான் வந்தவர்களுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. சோறு என்றால் கொஞ்சமாவது கண் எரிய வேண்டாமா?

கொஞ்ச நேரத்தில் மூடி தடதடத்து, ஓரத்தில் வெள்ளை நுரை பொங்கி வழிந்தது. என் தம்பி கை தட்டி, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினான். பெரியவர்களும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். நாலு வீட்டுப் பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். பிறகு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு விளக்கு அணைந்தது.

"செத்துப்போச்சு போல" என்றார் மாட்டுக்கார அம்மா. அவர் எங்களுக்கு அடுத்த வீடு. இரண்டு பசு வைத்திருந்தார்.

"இல்லங்கம்மா. வெந்துடுச்சு" என்றாள் சித்தி.

மூடியைத் திறந்தாள். சோறு பூப்பூவாக நின்றது. ஆளுக்கு ஒரு பிடி வாயில் போட்டுப் பார்த்து, சோறுதான் என்று ஒத்துக்கொண்டார்கள். அப்பா மட்டும் வாங்கவில்லை. சட்டிக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு சட்டிக்குப் பின்னாலும் பார்த்தார்.

"கஞ்சி எங்க?"

இதில் வடிக்கக் கஞ்சி இருக்காது, தண்ணீர் எல்லாம் சோற்றுக்குள்ளேயே போய்விடும் என்று சித்தி விளக்கினாள். அப்பாவின் முகம் மாறிவிட்டது. நம் லயங்களில் வடிகஞ்சி என்பது சும்மா தண்ணீர் இல்லையே. அப்பா தினமும் அதில் உப்புப் போட்டு ஒரு குவளை குடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். பள்ளிச் சட்டைக்கு மொடமொடப்பு ஏறுவது அதில்தான். மிச்சம் மாட்டுக்கார அம்மாவின் பசுக்களுக்குப் போகும், அங்கிருந்து எங்களுக்குப் பால் வரும். கஞ்சி இல்லாத சோறு என்பது அப்பாவுக்கு வேர் இல்லாத மரம்.

"சத்தெல்லாம் கஞ்சியிலதான் இருக்கு. அதக் கரண்டு குடிச்சிட்டா, நமக்கு என்னா மிச்சம்?" என்றார். "கரண்டுச் சோறு தின்னா கை நடுங்கும். நான் குலை வெட்டுறவன். எனக்கு வெறகடுப்புல ஆக்கணும்."

மாட்டுக்கார அம்மாவின் கவலை வேறு. "இன்னிக்கி ஒரு வூட்டுக் கஞ்சி போச்சு. நாளைக்கு லயம் முழுக்க இத வாங்கிட்டா எம்மாடு என்னாத்தக் குடிக்கும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது யோசித்தால், அன்று அந்தக் கூட்டத்தில் வருங்காலத்தைச் சரியாகக் கணித்த ஒரே ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு சோறு. விடிகாலையில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சித்தி சுவிட்சைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போவாள், தலை பின்னுவாள், நீலச் சட்டையை மாட்டுவாள். 'டக்' என்றதும் சாப்பாட்டை டிபனில் அடைத்துக்கொண்டு வேனுக்கு ஓடுவாள். ஒரே ஓட்டம், ஆனால் சிரித்த முகத்தோடு ஓடுவாள். அம்மாவோ பழையபடி கோழி கூவுமுன் எழுந்து, அப்பாவுக்காக மட்டும் விறகோடு மல்லுக்கட்டினாள். நான் இரண்டு பக்கமும் சாப்பிட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னதற்கு அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு காலை நான் கண் விழித்தபோது அம்மா பாயில் இருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. அம்மா படுத்திருந்து நான் பார்த்ததே இல்லை, காய்ச்சல் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்து, உதட்டில் விரல் வைத்து, மறுபடி மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். சித்தி சட்டியில் கூடுதலாக இரண்டு குவளை அரிசி போடத் தொடங்கியிருந்தாள். அம்மா கடைசி நிமிடத்தில் எழுந்து, சின்னச் சட்டியில் ஒரு பிடி நொய்யரிசியை விறகடுப்பில் போட்டுக் கஞ்சி மட்டும் காய்ச்சினாள். அப்பா எழுந்து வரும்போது அடுப்பில் தீ இருக்கும், குவளையில் கஞ்சி இருக்கும், தட்டில் கரண்டுச் சோறு இருக்கும். அவர் உப்புப் போட்டுக் கஞ்சியைக் குடித்து, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டு, "வெறகுச் சோறுன்னா வெறகுச் சோறுதான்" என்பார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். சித்தப்பாவுக்குப் புரையேறும்.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. டீவியில் தமிழ்ப்படம் போடும் அந்தி ஒன்று வந்தது. தோட்டத்து மன்றத்தில் இருந்த ஒரே டீவி முன்னால் இரண்டு லயமும் கூடிவிடும். படம் தொடங்குமுன் எல்லோர் வீட்டிலும் அவசரச் சமையல் நடக்கும். அன்றைக்குச் சித்திக்கு ஓவர்டைம். விறகு முழுக்க மழையில் நனைந்து கிடந்தது. அம்மா முதல் தடவையாகத் தானே கரண்டுச் சட்டியை மாட்டினாள். விறகடுப்பில் தனியாகக் கஞ்சி காய்ச்ச முடியாது என்பதால், அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டால், இதிலேயே வடித்துக்கொள்ளலாமே.

உள்சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, மூடியைச் சாய்த்து, இத்தனை வருடம் வடித்த அதே கைப்பழக்கத்தில் அழகாக வடித்தாள். ஒரு பருக்கைகூடக் கீழே விழவில்லை. கஞ்சி கெட்டியாக, கமகமவென்று வந்தது. பிறகு, அடியெல்லாம் கஞ்சி வழிந்துகொண்டிருந்த சட்டியை அப்படியே திரும்ப உள்ளே வைத்து, ஈரம் வற்றட்டும் என்று சுவிட்சைத் தட்டினாள்.

பட்டென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி. எங்கள் பல்பு போனது. பக்கத்து வீட்டுப் பல்பு போனது. தூரத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மன்றத்திலிருந்து ஒரு பெரிய "ஐயோ" கேட்டது. படத்தில் காணாமல்போன பிள்ளை தாயை அடையாளம் கண்டு வாயைத் திறக்கிற கட்டமாம். அந்தப் பிள்ளை என்ன சொன்னான் என்று இன்றுவரை எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

கிராணி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்தார். கணக்கு, சம்பளம், ஆபீஸ் எல்லாம் அவர் பொறுப்பு, அதனால் கோபமும் அவர் பொறுப்பு. எங்கள் வீட்டுக்கு வந்ததும் கருகல் வாடை காட்டிக்கொடுத்துவிட்டது. சரியாக அந்த நேரத்தில்தான் சித்தி வேலை முடிந்து நீலச் சட்டையோடு வாசலில் நுழைந்தாள். டார்ச் வெளிச்சத்தில் சட்டியைப் பார்த்தாள், பக்கத்திலிருந்த கஞ்சிக் குவளையைப் பார்த்தாள், கடைசியாக அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டி பிடித்த துணியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சரியாப் பாக்கலைங்கய்யா. மன்னிச்சிடுங்க" என்றாள் சித்தி.

சட்டிமேல் டார்ச் அடித்துக் குனிந்திருந்த கிராணிக்கு, அவள் வந்ததே அப்போதுதான் என்று எப்படித் தெரியும்? "நாளைக்குப் பெரட்டுல சொல்லப்போறேன். இனிமே லயத்துல இந்தச் சட்டியே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா இருட்டில் தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே சொன்னேன். சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே சின்னவ வேலைய விட்டுட வேண்டியதுதான்" என்றார். அதையும் கோபமில்லாமல், நியாயமாகத்தான் சொன்னார். சித்தி மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நீலச் சட்டையை மடித்து, கல்யாணப் பெட்டியின் அடியில், பட்டுச் சேலைக்குக் கீழே வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

மறுநாள் பள்ளி விடுமுறை, சித்தியின் பேக்டரிக்கும் லீவு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே பெரட்டுக்குப் போனாள். ஏன் என்று அப்போது தெரியவில்லை. பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒரு கை வேண்டியிருந்திருக்கிறது.

பேர் கூப்பிட்டு முடிந்ததும் கிராணி சொன்னார், "இன்னியிலேருந்து லயத்துல கரண்டுச் சட்டி வைக்கக் கூடாது. இந்த எஞ்சின் பல்புக்குப் போட்டது. சோறாக்கப் போட்டதில்ல."

"ஐயா" என்றாள் அம்மா. பெரட்டில் பெண்கள் பேசி நான் கேட்டதில்லை. "நேத்து அதக் கெடுத்தது எங்க சின்னவ இல்லைங்க. நான்தான். கஞ்சிய வடிச்சிட்டு ஈரச் சட்டிய அப்படியே வச்சிட்டேன். தப்பு எம்மேலதான். சட்டி மேல இல்ல."

கிராணி குழம்பிவிட்டார். "அதுல எதுக்கும்மா கஞ்சி வடிச்சீங்க?"

"வூட்டுக்காரருக்குக் கஞ்சி வேணுங்கய்யா. கஞ்சி இல்லன்னா அது வெறகுச் சோறு இல்லன்னு கண்டுபுடிச்சிடுவாரு."

முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. குலைகளை எண்ணிக் கணக்கெடுக்கும் மண்டோருக்குத்தான் முதலில் பிடிபட்டது. "அப்ப இத்தன நாளா..." என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க. இத்தன நாளா அவரு கரண்டுச் சோத்தத் தின்னுட்டுத்தான் குலை வெட்டுறாரு. நீங்கதானே எண்ணுறீங்க, கை நடுங்குச்சா, குலை கொறஞ்சுதா, நீங்களே சொல்லுங்க."

"கொறையல. கூடித்தான் இருக்கு" என்றார் மண்டோர்.

அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எஞ்சின்காரர் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா குலை வெட்டும் தன் அரிவாள் கம்பை மேலிருந்து கீழாக ஒருமுறை ஆராய்ந்தார். அதில் ஏதோ பழுது இருப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "எனக்கும் அது வேணுங்கய்யா. கோழி கூவி எந்திரிக்கிறவங்க இருக்காங்க. நான் கல்யாணமாகி வந்ததுலேருந்து கோழிய எழுப்பிவுட்டுக்கிட்டிருக்கேன். இந்த மழைக்குத்தான் மனுஷியா தூங்குனேன்" என்றாள். அவள் கை என் கைக்குள் நடுங்கியது. கரண்டுச் சோறு சாப்பிட்டு நடுங்கிய ஒரே கை அதுதான்.

அதற்குப் பிறகு பின்வரிசையிலிருந்து மண்டோரின் மனைவி, "நானும் ஒன்னு வாங்கச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். மண்டோரின் சிரிப்பு நின்றது. இன்னொரு குரல், "நானுந்தான்" என்றது. பூனைக்கு மணி கட்டியாகிவிட்டது, இனி யாருக்கு என்ன பயம்?

"எஞ்சின் தாங்காதும்மா. நான் என்னா பண்ணுவேன்?" என்றார் கிராணி, பாவம், உண்மையாகவே.

"தாங்கலன்னா பெரிய எஞ்சினா வாங்குங்கய்யா" என்றார் மாட்டுக்கார அம்மா. கஞ்சி போய்விடும் என்று அழுத அதே மாட்டுக்கார அம்மா. "சோத்துக்குத் தகுந்த எஞ்சின் வாங்குவாங்களா, எஞ்சினுக்குத் தகுந்த சோறு திம்பாங்களா?"

இந்த இடத்தில் ஒட்டுக்கடை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஆண்கள் அதற்கு முன் எத்தனையோ வருடமாகப் பகலிலும் கரண்டு வேண்டும் என்று கூட்டம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். "பகல்ல ஒங்களுக்குப் பல்பு எதுக்கு?" என்ற ஒரே கேள்வியில் ஆபீஸ் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். பதில் சொல்ல நம்மிடம் ஒரு பொருள் இல்லை. அந்தப் பொருளை ஒருத்தி அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தாள், எஞ்சின் தாங்குமா என்று கேட்காமலே. கேட்டுவிட்டு வாங்கியிருந்தால் வாங்கியே இருக்க மாட்டாள். கார் சார்ஜ் போட இடம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பையனைக் கேட்கிறீர்களே, கார் வராமல் அந்த இடம் யாருக்காக வரும்?

கிராணி, தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். அதுவரைக்கும் வழி சொன்னவர் எஞ்சின்காரர். தண்டவாளத்தை ஒருமுறை அடித்தால் மேட்டு லயத்துச் சட்டிகள், இருமுறை அடித்தால் பள்ளத்து லயத்துச் சட்டிகள். இப்படி மணியடித்துச் சோறு ஆக்கிய ஊர் வேறெங்காவது உண்டா தெரியவில்லை. இரண்டாவது மணி விழுந்ததும் பள்ளத்து லயத்தில் வரிசையாகச் சுவிட்சுத் தட்டும் சத்தம் கேட்கும். அந்தத் தண்டவாளத் துண்டு இப்போது எங்கே போனது என்று யாரைக் கேட்டும் தெரியவில்லை.

சித்தியின் சட்டி தகரக் கூரைமேல் இரண்டு நாள் வெயிலில் காய்ந்தது. எங்கிருந்தோ அந்த நாட்களுக்கென்று வெயிலும் வந்தது. அந்த இரண்டு நாளும் அம்மா கோழியை எழுப்பிவிட்டு, விறகடுப்பில் சித்திக்காகச் சோறாக்கி, நீலச் சட்டையைப் பெட்டியிலிருந்து தானே எடுத்துக் கொடுத்து வேனுக்கு அனுப்பினாள். அப்பா பார்த்தும் பார்க்காதவர்போல அரிவாள் கம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மூன்றாம் நாள் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. சட்டியின் பூக்களில் ஒன்று மட்டும் கருகிப்போயிருந்தது.

புது வருடத்தில் சித்தி லைன் லீடர் ஆனாள். பொங்கலுக்குள் இரண்டு லயத்திலும் சட்டி இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. மணி அடித்தும் பயனில்லாமல் எஞ்சின் அடிக்கடி படுத்தது. துரையின் பங்களாவுக்கும் அதே எஞ்சின்தான் என்பதால், அங்கே ஐஸ்பெட்டியில் ஐஸ் உருகத் தொடங்கியதும் பெரிய எஞ்சின் ஒன்று லோரியில் வந்து இறங்கியது. லோரி ஓட்டியவர் சித்தப்பா. சில வருடம் கழித்து மின்கம்பங்கள் செம்மண் சாலையோரம் ஒவ்வொன்றாக நடந்து வந்து, பகலிலும் கரண்டு கொண்டுவந்தன. மாட்டுக்கார அம்மா கஞ்சிக்குப் பதில் பிண்ணாக்கு வாங்கினார், அதையும் நம்மைத் திட்டிக்கொண்டேதான் வாங்கினார்.

நான் சொல்ல வந்தது இதையெல்லாம் இல்லை. அந்தப் பெரிய எஞ்சின் வந்த மாதம் நடந்த ஒன்றைச் சொல்லவே இவ்வளவும் சொன்னேன்.

பேக்டரியில் ஆள் எடுத்தார்கள். சித்தி அம்மாவைக் கூட்டிப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். பால்வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சித்தியின் இன்னொரு நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, அம்மா ஒரு நாள் வேனில் ஏறினாள். இருவரும் ஜன்னலோரத்துக்குப் போட்டி போட்டார்கள்.

அன்று அந்தியில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அப்பா கதவைச் சாத்தினார். சித்தப்பா இன்னும் லோரியோடு திரும்பவில்லை; நான், தம்பி, அவர், மூன்று பேர் மட்டும். அரிசியைக் களைந்தார், பாதியைத் தரையில் சிந்தினார். தண்ணீர் எவ்வளவு என்று என்னைக் கேட்காமல் என் விரலைப் பிடித்து அரிசிமேல் வைத்து, கணுவைப் பார்த்து ஊற்றினார். சுவிட்சைத் தட்டிவிட்டு, எட்ட நின்று கையைக் கட்டிக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றார். 'டக்' என்ற சத்தத்துக்கு மூவரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம்.

அம்மாவும் சித்தியும் வந்தபோது இருட்டியிருந்தது. அம்மா சட்டையைக்கூடக் கழற்றாமல், கையைக் கழுவிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். அப்பா வழியை மறித்து, "உக்காரு" என்றார். தட்டை வைத்தார். ஆவி பறக்கிற சோறு, கொஞ்சம் குழைந்தது, மேலே காலையில் மிஞ்சிய கருவாட்டுக் குழம்பு.

அம்மா சாப்பிடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இன்னொருவர் ஆக்கி, சுடச்சுட அவள் முன்னால் வைத்த முதல் தட்டு அது. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு சோற்றில் விழுந்ததை நான் பார்த்தேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. பேக்டரியில் யாரோ திட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்பாவும் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார்.

"என்னா பாக்குற?" என்றார். "கஞ்சியெல்லாம் ஒன்னும் வடிக்கலலா. பயப்படாமத் தின்னு."